காலை ஆறு பத்துக்கு ஆர்டிஸ்

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்பு டாக்டர் ஆர்டிஸ் வோல்டன் தன் வீட்டுச் சமையலறையில் விழுந்து இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்தெட்டு. நாம் போய்ப் பார்த்தபோது மணி பதினொன்றரை. நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருப்பதைச் சொல்வதற்காகத்தான் நான் இந்த நினைவுக் கூட்டத்தில் நிற்கிறேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, மாவட்டக் குழுத் தலைவர் அவர்களே, மொன்டானாவின் இந்தக் கோடிக்கு நானூறு மைல் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும், ஆர்டிஸுக்குப் பாடம் சொன்ன பேராசிரியை அவர்களே, ஆர்டிஸின் தங்கை லோயிஸ் அவர்களே, வெள்ளை உடையில் முதல் வரிசையில் இருக்கும் செவிலியர் சகோதரிகளே, பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் கூடத்தின் படிகளில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் வாடிக்கையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் மெர்வின் ட்வெய்ட். இந்தக் கூட்டத்தில் அது தெரியாதவர் பேராசிரியை ஒருவர்தான். தீவனக் கடைக்காரன். பதினேழு வயதில் ஒரு ஓட்டை லாரியும் நாற்பது மூட்டை ஓட்ஸுமாகத் தொடங்கியவன். எனக்குப் பேச வராது. எடை போட வரும். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தட்டில் ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போடுவார்கள். ஆர்டிஸுக்கு அது தேவையில்லை. இருந்ததை இருந்தபடி எடை போட்டாலே முள் போதுமான அளவுக்குச் சாயும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் டாக்டர் ஓய்வு பெற்று அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார். நினைவிருக்கிறதா? வேறு டாக்டர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. இன்னொருவர் காற்றைக் கேட்டார். "எப்பவும் இப்படித்தான் ஊளையிடுமா?" என்றார். நம் நோர்பர்ட் ஷாட்ஸ், "இல்லைங்க, ராத்திரியில கொஞ்சம் சத்தமா இருக்கும்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு மிக அருகில் இருந்த மருத்துவர் தொண்ணூற்று நான்கு மைலுக்கு அப்பால்.

அந்த வாரம் ஆர்டிஸ் என் கடைக்கு வந்தார். இருபத்தாறு வருடமாக நர்ஸ். இளங்கலைப் பட்டம். இந்த மாவட்டத்தில் பாதிப் பேரைப் பிறந்தவுடன் தூக்கிப் பிடித்தவர்.

"மெர்வ், உன் பின்னறையில ஒரு மேசை போட இடம் இருக்கா?"

"எதுக்கு?"

"படிக்கப் போறேன். செவிலியத்துல டாக்டர் பட்டம். இந்த ஊர்ல இன்டர்நெட் உன் கடையிலதான் ஒழுங்கா வருது."

"ஏம்மா, உனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது."

"உன் லாரிக்கு இருபத்தெட்டு ஆகுது. ஓட்டலையா?"

"ஓட்டறேன். மலை ஏத்தறதில்லை."

"நான் ஏறிக் காட்டறேன். இங்க பாரு, இளங்கலையோட நின்னா டாக்டர் எழுதின மருந்தைத்தான் நான் குடுக்க முடியும். டாக்டரே இல்லாத ஊர்ல யார் எழுதினதைக் குடுக்கறது? இதை முடிச்சா நானே நோய் பார்க்கலாம், நானே மருந்து எழுதலாம். நடுவுல முதுகலைன்னு தனியா நிக்க வேண்டாம். இளங்கலையிலிருந்து நேரா மேல போயிடலாம். நாலு வருஷம்."

"நேரா ஏறினா மூச்சு வாங்கும்மா."

"வாங்கட்டும்."

சந்தையில் கிடைக்காத சரக்கை நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது வியாபாரத்தில் முதல் பாடம். எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று அதைக் கற்றுக்கொள்ள. ஆர்டிஸுக்கு ஒரு வாரம்!

நான்கு வருடம் அந்தப் பின்னறையில், தாது உப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு வந்து படித்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் அவர் மகள் வயசுப் பிள்ளைகள். நேரில் நோயாளி பார்க்கும் பயிற்சி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். அதற்காக வாரம் இரண்டு முறை தொண்ணூற்று நான்கு மைல் போய், தொண்ணூற்று நான்கு மைல் வந்தார். புள்ளியியல் பாடம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கி மூட்டை மேல் எறிந்தார். நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரே கன்றை மூன்று முறை எடை மேடையில் ஏற்றினேன். மூன்று எடை காட்டியது.

"இதுல எது சரி?" என்றேன்.

"மூணும் சரியில்லை. மூணும் சரி." கன்றின் முதுகில் ஓங்கித் தட்டினார். "அடப்பாவி மெர்வ்! இதைத்தான் அந்த ஆளு முப்பது பக்கத்துக்கு இழுத்திருக்கான்!"

சிரிக்கலாம். அவருக்குச் சிரிப்பு பிடிக்கும்.

அந்தப் படிப்பில் கடைசியாக ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். புத்தகம் எழுதினால் போதாது. உண்மையான ஊரில், உண்மையான நோயாளிகளிடம், ஒன்றைச் செய்து, அது பலிக்கிறதா என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆர்டிஸ் எடுத்துக்கொண்டது இதயம் பலவீனமானவர்களை. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே தெரியாது. ஆனால் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினால் ஆபத்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்!

ஆனால் நம் ஆட்களில் யார் வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தது? மாட்டுக்கு எடை பார்ப்போம், மனுஷனுக்குப் பார்த்தோமா? எல்லோரும் என் கடைக்கு வந்து, மூட்டை நிறுக்கும் மேடையில் ஏறி நின்றார்கள். பூட்ஸோடு. தொப்பியோடு. பையில் வேலிக் குறடோடு. ஒரு மார்ச் மாதம் நோர்பர்ட்டின் எடை ஒரே ராத்திரியில் பத்து பவுண்டு ஏறியிருந்தது. நான் எண்ணைப் போனில் சொன்னேன். ஆர்டிஸ் பனிச் சாலையில் நாற்பது மைல் பறந்து போய் அவன் கதவை இடித்தார். அவன் கோட்டைத் திறந்து காட்டினான். உள்ளே, அன்று விடியற்காலை பிறந்த ஆட்டுக்குட்டி! குளிர் தாங்காது என்று நெஞ்சில் வைத்துக்கொண்டே கடைக்கு வந்து, நெஞ்சில் வைத்துக்கொண்டே எடை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அதை இறக்கி வெச்சுட்டு ஏறணும்னு தெரியாதா உனக்கு?"

"நீ பூட்ஸைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லலையே, ஆர்டிஸ்."

"பூட்ஸையும் கழட்டணும், முட்டாளே!"

அன்றுதான் அவர் முடிவு செய்தார். வீட்டுக்கு வீடு ஒரு எடைக் கருவி. தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு போன். தாமே எல்லோரையும் கூப்பிட முடியாது என்பதால் குரலைப் பதிவு செய்து, பல்கலைக்கழகத்துக் கணினியே கூப்பிடும்படி ஏற்பாடு செய்தார். பதிவு செய்தது என் கடைப் பின்னறையில்தான்; மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று அங்கே செய்தார். அந்தக் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். இன்று காலையிலும் கேட்டீர்கள்.

"நான் ஆர்டிஸ். எழுந்தாச்சா? பூட்ஸைக் கழட்டுங்க. கோட்டைக் கழட்டுங்க. கோட்டுக்குள்ள உயிரோட எது இருந்தாலும் அதையும் எடுத்து வெளிய வைங்க. இப்ப ஏறி நில்லுங்க. எத்தனை பவுண்டு?"

எண்ணை அமுக்க வேண்டும். போனை எடுக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை கூப்பிடும். மூன்றுக்கும் பதில் இல்லை என்றாலோ, எடை ஏறியிருந்தாலோ, ஆர்டிஸின் கைப்பேசிக்குத் தகவல் போகும். அவர் கிளம்பி வருவார். எப்போதும் வந்தார். வராமல் இருந்த நாள் உண்டா? சொல்லுங்கள், ஒரே ஒரு நாள் உண்டா?

பட்டம் வாங்கினார். வெளி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பாதிக்கும் கீழே குறைந்தது என்று பேராசிரியை முன்னால் கணக்குக் காட்டினார். மூன்று வருடம் நம் மருத்துவ நிலையத்தைத் தனி ஆளாக நடத்தினார். "இனிமே உன்னை டாக்டர்னு கூப்பிடணுமா?" என்று நோர்பர்ட் கேட்டதற்கு, "நீ பூட்ஸைக் கழட்டு, அது போதும்" என்றார். அவர்தான் நம் டாக்டர் ஆர்டிஸ் வோல்டன்!

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

பதினேழாம் தேதி காலை ஆறு பத்துக்கு எனக்குப் போன் வந்தது. நானும் பட்டியலில் உண்டு, பதினான்காவது பெயர். ஏறி நின்றேன். எண்ணை அமுக்கினேன். புயல் ஓய்ந்து இடுப்பளவு பனி கிடந்தது. ஆர்டிஸின் எதிர்வீடு என் வீடு. ஏழு மணிக்கு டிராக்டரை எடுத்துப் போய் அவர் வாசலில் பனியைத் தள்ளினேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. காப்பி குடிக்கிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை. நமக்கு அப்படித்தானே பழக்கம்? விளக்கு எரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். கூப்பிடாமல் அடுத்தவர் படியேற மாட்டோம். அதை மரியாதை என்று சொல்லிக்கொள்வோம். பனியைச் சுத்தமாகத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். என் டிராக்டரின் வெளிச்சம் அந்தச் சன்னலில் விழுந்த இடத்துக்கு நாலடி தள்ளித்தான் அவர் தரையில் கிடந்திருக்கிறார்.

சனிக்கிழமை அடக்கம். செவிலியர் சகோதரிகள் தங்கள் வழக்கப்படி விளக்கு ஏற்றி, அவர் பெயரைச் சொல்லிப் பணிக்கு அழைத்தார்கள். "டாக்டர் ஆர்டிஸ் வோல்டன்!" பதில் இல்லை. மறுபடி அழைத்தார்கள். பதில் இல்லை. மூன்றாம் முறையும் அழைத்து, மணி அடித்து, "உங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம்" என்று சொல்லி விளக்கை அணைத்தார்கள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு என் போன் அடித்தது.

"நான் ஆர்டிஸ். எழுந்தாச்சா?"

அது பதிவுக் குரல் என்று எனக்குத் தெரியாதா? என் பின்னறையில் பதிவு செய்தது. செவ்வாயிலிருந்து தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அடக்கம் முடிந்த மறுநாள் கேட்டபோது கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தேன். அதோடு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அவர் என்னை மட்டும்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது ஆல்மா ரூட் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். எண்பத்தொரு வயது, ஓடைச் சாலையில் முப்பத்தொரு மைல் மேலே தனியாக இருப்பவர். கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

"மெர்வ், இன்னைக்குக் காலையில உனக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"...உங்களுக்கு?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

பின்னால் கேக் தட்டோடு நின்ற நோர்பர்ட் எங்கள் நடுவில் தலையை நீட்டினான். "ஐயோ, உங்களையுமா?" என்றான்.

ஒவ்வொருவராக விசாரித்தோம். இருபத்திமூன்று வீடு. செவ்வாயிலிருந்து ஆறு நாளாக இருபத்திமூன்று வீட்டிலும் போன் அடித்திருக்கிறது. இருபத்திமூன்று பேரும் எடுத்திருக்கிறார்கள். இருபத்திமூன்று பேரும் பூட்ஸைக் கழற்றி, ஏறி நின்று, எண்ணை அமுக்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. ஒருவர்கூட அடுத்தவரிடம் மூச்சு விடவில்லை.

"செத்தவ கேக்கறா, நீங்க பாட்டுக்குப் பதில் சொல்றீங்களா ஆல்மாம்மா?" என்றேன்.

"சொல்லாம இருந்தா கோவிச்சுக்குவா. அவ கோவம் உனக்குத் தெரியாதா?"

மறுநாள் திங்கட்கிழமை. லோயிஸ் அவர்கள் சாவியை என்னிடம் கொடுத்து, பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்குப் போனேன். சமையலறை அப்படியே இருந்தது. மேசை மேல் பழைய கம்பிப் போன், அதன் பக்கத்தில் செய்தி பதியும் கருவி, சார்ஜில் செருகியபடி அவருடைய கைப்பேசி. பூனைத் தட்டில் கையை வைத்தேன். ஆறு பத்து.

மேசைப் போன் அடித்தது. அதே நொடியில் என் சட்டைப் பையிலிருந்த போனும் அடித்தது. என்னுடையதை எடுத்துக் காதில் வைத்தேன். அதற்குள் மேசைக் கருவி விழித்துக்கொண்டது.

"நான் ஆர்டிஸ். இப்ப வீட்டுல இல்லை. யாருன்னு சொல்லி வைங்க, வந்து கூப்பிடறேன்" என்றது கருவி.

"நான் ஆர்டிஸ். எழுந்தாச்சா?" என்றது அந்தக் கருவி வழியாக வந்த அழைப்புக் குரல்.

"பூட்ஸைக் கழட்டுங்க" என்றது என் காதில் இருந்த குரல்.

மூன்று ஆர்டிஸ். ஒருவர் வீட்டில் இல்லை என்கிறார். ஒருவர் எழுந்தாயிற்றா என்று அவரையே கேட்கிறார். ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பூனை ஓடிவந்து மேசை மேல் ஏறிக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. நான் என் எண்ணை அமுக்கினேன். வேறு என்ன செய்வது?

மேசைக் குரல் காத்திருந்தது. பிறகு, "கேக்கலை. பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடறேன். எங்கயும் போயிடாதீங்க" என்றது.

நான் போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஆறு இருபதுக்கு வந்தது. ஆறு முப்பதுக்கு வந்தது. மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் மாறியது. இந்தப் பகுதியை நான் அதுவரை கேட்டதே இல்லை. மூன்று தடவை எடுக்காமல் நான் இருந்ததில்லையே.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. நீங்க பதில் சொல்லலை. பயப்படாதீங்க. நர்ஸ் கிளம்பி வந்துக்கிட்டு இருக்காங்க."

நான் வாசல் கதவைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கதவு திறக்கவில்லை. மேசை மேல் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. "வோல்டன், ஆ. பதில் இல்லை. நேரில் செல்லவும்."

நம் பட்டியலில் இருபத்திநான்காவதாக ஒரு பெயர் இருந்தது, அன்பர்களே! நமக்குச் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் நகரத்து இதய மருத்துவர் அவரிடம் மூன்று விஷயம் சொன்னாராம். உப்பைக் குறை, தினமும் எடை பார், வேலையைக் குறை. முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார். தன் பெயரையே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். நவம்பரிலிருந்து தினமும் தன் குரல் தன்னைக் கூப்பிட, அதற்குத் தானே எண்ணை அமுக்கி வந்திருக்கிறார்.

அந்தக் கைப்பேசியில் தகவல்கள் வரிசையாக அடுக்கி நின்றன. பதிமூன்றாம் தேதி, வெள்ளி: வோல்டன், மூன்று பவுண்டு கூடுதல். சனி: ஐந்து. ஞாயிறு: ஆறு. திங்கள்: ஒன்பது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாசகம்: நோயாளியை இன்றே பார்க்கவும். அதற்குப் பிறகு செவ்வாய் ஆறு முப்பது, பதில் இல்லை. புதன், பதில் இல்லை. அன்று காலை வரைக்கும் ஏழு.

புயல் அடித்த அந்த நான்கு நாளில் நம்மில் ஐந்து பேர் வீட்டுக்கு அவர் வந்தார். நம்முடைய தகவல்களை எல்லாம் பார்த்து, முடித்து, அழித்திருந்தார். தன்னுடையதை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார். அப்புறம் பார்க்கலாம் என்று. எச்சரிக்கை சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் நோயாளியும் அவர், நர்ஸும் அவர். ஊரில் வேறு யாருக்கும் அது போகவில்லை. பேராசிரியை அவர்களே, நீங்கள் இதைக் கவனிக்கவில்லை. மாவட்டக் குழு கவனிக்கவில்லை. எதிர்வீட்டில் நாற்பது வருடம் இருந்த நான் கவனிக்கவில்லை. நம் எல்லோருடைய எடையையும் அவர் கேட்டார். அவர் எடையை நம்மில் யார் கேட்டது?

ஏழு மணிக்குத் தட்டியிருந்தாலும் பயனில்லை என்று பிணம் பார்த்த அதிகாரி சொன்னார். இருக்கலாம். வெள்ளிக்கிழமை தட்டியிருந்தால்?

லோயிஸ் அவர்களிடம் கேட்டு அந்தக் கைப்பேசியை நான் வாங்கிக்கொண்டேன். மூன்று வாரமாக என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் எடை ஏறினால் தகவல் வருவது எனக்கு. தீவனக் கடைக்காரனுக்கு! போன வாரம் ஆல்மா அம்மாவுக்கு ஆறு பவுண்டு ஏறியது. முப்பத்தொரு மைல் ஓட்டிக்கொண்டு போனேன். கால் இரண்டும் வீங்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து, "நீ எதுக்குடா வந்தே? அவ வரலையா?" என்றார்.

எனக்கு மருந்து எழுதத் தெரியாது. ஊசி போடத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டார், அதோ மூன்றாம் படியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவர் பிழைப்பாரா?

பல்கலைக்கழகம் இந்தப் போன் ஏற்பாட்டை மார்ச் முப்பத்தொன்றோடு நிறுத்துகிறது. அது முதலிலேயே பேசி வைத்த கெடு. அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் கடந்த மூன்று வாரமாக என் கடையில் இதே சண்டைதான். "நிறுத்த விடாதே மெர்வ். அவ கேக்கலேன்னா நான் கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டேன்" என்கிறான் நோர்பர்ட். லோயிஸ் அவர்கள் அழுதார். "எங்க அக்கா செத்தும் வேலை பார்த்துக்கிட்டு இருக்கா. போதும், அவளை விட்டுடுங்க" என்றார்.

நான் வியாபாரி. நேராகச் சொல்கிறேன். ஆளில்லாத கடையில் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து வைப்பது மோசடி. வருகிறவன் உள்ளே யாரோ இருக்கிறார் என்று நம்பிப் பணத்தை வைத்துவிட்டு நிற்பான். இப்போது அந்தக் குரல் செய்வதும் அதுதான். இனிமையாகக் கேட்கிறது. நாமும் நம்பி எண்ணை அமுக்குகிறோம். அமுக்கிவிட்டு, யாரோ பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாகக் காப்பி போடுகிறோம். அந்தப் பக்கம் யாரும் இல்லை! ஆர்டிஸ் ஏழு மலை ஏறிப் படித்தது இப்படி ஒரு ஆவிக் குரலை நமக்கு விட்டுப்போவதற்கா? அவர் செய்த வேலை குரலில் இல்லை. குரலுக்குப் பின்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதில் இருந்தது. அந்த இடத்துக்கு ஆள் வேண்டும்.

முதல் வரிசையில் இரண்டாவதாக உட்கார்ந்திருப்பவர் கோரீன் பிரெக்கி. உங்களுக்குத் தெரிந்த பெண்தான். முப்பத்திமூன்று வயது, முதியோர் இல்லத்து நர்ஸ், இளங்கலைப் பட்டம், இரண்டு பிள்ளைகள். போன வாரம் கடைக்கு வரச் சொன்னேன். நான்கு வருடப் படிப்பைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் போன்ல அப்புறம் என் குரல் வருமா?"

"வரணும்மா."

"நானும் ஒரு நாள் இப்படித்தான் காலியான சமையல்கட்டுல என்னையே கூப்பிட்டுக்கிட்டு இருப்பேனா, மெர்வ்?"

பதில் இல்லாதபோது வியாபாரி செய்ய வேண்டியது ஒன்றுதான். எதிராளியின் நிபந்தனையைக் கேட்க வேண்டும்.

"சரி. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"விலை பேசறதுல யாரும் கோவிச்சுக்கிட்டதில்லை. சொல்லு."

சொன்னார். என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். மூன்று நாள் பேரம் நடந்தது. கெட்டிக்காரப் பெண், இரண்டு இடத்தில் என்னை மடக்கிவிட்டார். நேற்று இருபத்திமூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆல்மா அம்மா கடைசியாகப் போட்டார், திட்டிக்கொண்டே.

அன்பர்களே! ஆர்டிஸ் வோல்டனுக்குச் சிலை வேண்டாம். மருத்துவ நிலையத்துக்கு அவர் பெயர் வைப்பதும் வைக்காததும் மாவட்டக் குழுவின் பாடு. அவர் பிடித்திருந்த கயிற்றை நாம் பிடித்துக்கொள்கிறோம் என்று இந்த அவையில் உறுதி சொல்வோம். வாயால் சொன்ன உறுதி காற்றோடு போய்விடும். ஆகவே பேசி முடித்ததை அப்படியே படிக்கிறேன். சாட்சியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக் காலை அழைப்போடு ஆர்டிஸின் குரல் நிற்கும். மறுநாள் முதல் அதே நேரத்துக்குக் கோரீனின் குரல் வரும். அதற்கான புது ஏற்பாட்டை மாவட்டக் குழு செய்து தரும். கோரீன் படிக்கும் காலம் முழுவதும், தொண்ணூற்று நான்கு மைல் தொலைவிலுள்ள மருத்துவர் வாரம் ஒரு நாள் வந்து நோயாளிகளைப் பார்ப்பார்; மற்ற நாள்களில் கோரீன் அவரைப் போனில் கேட்டுச் செய்வார். ஆகஸ்டில் படிப்பு தொடங்கும். இளங்கலையிலிருந்து நேராக டாக்டர் பட்டம், நான்கு வருடம். படிப்புச் செலவில் பாதி மாவட்டத்துடையது. மீதிப் பாதிக்கு, இருபத்திமூன்று வீடும் வருடத்துக்கு ஒரு கன்றை அக்டோபர் சந்தையில் விற்றுத் தர வேண்டும். கன்று இல்லாத நான் கன்றின் விலையைத் தர வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு கோரீன் ஆறு வருடம் இங்கே இருப்பார். வருடத்துக்கு மூன்று வாரம் ஊரைவிட்டுப் போவார். அந்த மூன்று வாரமும் அவரை ஒருவரும் கூப்பிடக் கூடாது, நோர்பர்ட் உட்பட. பட்டியலில் இருபத்திநான்காவது பெயர் கோரீன் பிரெக்கி. அவருடைய எடை பற்றிய தகவல் அவருக்குப் போகாது. நம் இருபத்திமூன்று பேருக்கும் போகும். மூன்று பவுண்டு ஏறினால் அன்று அவருக்கு வேலை இல்லை, நம்மில் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம், அவர் கத்தினாலும். மூன்று அழைப்புக்கும் பதில் இல்லை என்றால், விளக்கு எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி, யார் முதலில் போகிறாரோ அவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம். உள்ளே கோரீன் சும்மா குளித்துக்கொண்டிருந்தார் என்றாலும் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உடைந்த கதவுக்கு விலை, தச்சுக் கூலி உட்பட, எத்தனை தடவை உடைத்தாலும், மெர்வின் ட்வெய்ட் தீவனக் கடை கொடுக்கும்.